நாற்பத்திரண்டு பேர் சொன்னது

செவ்வாய்க்கிழமை பதினொரு கிளிப்கள் வந்தன. டிசம்பரில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு அறுநூறு வரும்.

பாண்டிச்செல்வி காலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டாள். விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. நீளமான ஹால். டிசம்பரில் இங்கே நாற்பத்திரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொங்கலுக்குப் பிறகு இருபது பேர். மாசியில் ஆறு பேர். இப்போது அவள் மட்டும். மற்ற நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன.

ஹாலின் பாதியைக் கண்ணாடியால் தடுத்து உள்ளே மூன்று இரும்பு அலமாரிகளை நிறுத்தியிருந்தார்கள். அவற்றுக்குள் கம்ப்யூட்டர்கள் இரவும் பகலும் ஓடின. பெங்களூரை விட இங்கே வாடகை குறைவு, அதனால் இங்கே கொண்டுவந்துவிட்டோம் என்றார்கள். ஏ.சி. அந்தப் பக்கம். அவள் பக்கம் ஒரு ஃபேன்.

வேலை எளிது. பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து கலக்கும் அறைக்கு வெளியே, பத்தடி தள்ளி, கம்பத்தில் ஒரு கேமரா இருக்கும். அறை வாசலின் வலது பக்கச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். தகட்டிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். உள்ளே போகிறவர் அந்தத் தகட்டின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். வைக்காமல் போனால், காற்று காய்ந்திருக்கும் நாளில், விரல் நுனியிலிருந்து ஒரு பொறி போதும். உள்ளே அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும் இருக்கின்றன.

கிளிப் எட்டு நொடி ஓடும். கேள்வி ஒன்றுதான். உள்ளே போகுமுன் தொட்டாரா? தொட்டார், தொடவில்லை. இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டும்.

நாற்பத்திரண்டு பேர் அழுத்திய பதில்களிலிருந்து மாடல் கற்றுக்கொண்டது. இப்போது அது கம்பெனியிலேயே, கம்பத்துக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் இருந்தது. தொட்டவருக்குப் பச்சை விளக்கு காட்டியது. தொடாதவருக்குச் சிவப்பு. சிவப்பு எரிந்தால் உள்ளே போகக் கூடாது. பெட்டிக்குச் சந்தேகம் வந்த கிளிப்கள் மட்டும் விருதுநகருக்கு வந்தன. அதற்குச் சந்தேகம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

மகேஷ்குமார் என்ற மேனேஜர் மாதம் ஒருமுறை பெங்களூரிலிருந்து திரையில் வந்து பேசுவார். உலகம் முழுக்க இப்படித்தான் யோசிக்கிறார்கள் என்று கடைசிக் கூட்டத்தில் சொன்னார். இனி ஒரு மாடலை இன்னொரு மாடல் சரிபார்க்கும். ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் எங்காவது ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒருவர் போதும். அதற்கு அடுத்த மாதம் அவரும் வரவில்லை. அதன் பிறகு வேலையை ஒரு ஏஜென்ட் அனுப்பியது. ஏஜென்ட் என்பதும் ஒரு சாஃப்ட்வேர்தான். நல்ல தமிழ் எழுதியது. தினமும் காலையில் வணக்கம் சொன்னது.

ஏழாவது கிளிப்பைத் திறந்தாள்.

ஆளைத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற வட்டம். எல்லோருக்கும் அப்படித்தான் மறைத்து அனுப்புவார்கள். ஆனால் அவருக்கு வலது தோள் இடது தோளை விட இறங்கியிருக்கும். உள்ளே போகுமுன் இரண்டு கைகளையும் கால்சட்டையில் துடைப்பார். டிசம்பரிலிருந்து அவரை அனேகமாக எல்லா நாளும் பார்த்திருக்கிறாள். முதுகை மட்டும். பழைய கேமரா பின்னால் இருந்தது. இது புதிய கேமரா. பக்கவாட்டில் வைத்திருந்தார்கள். அந்தப் புதுக் கோணத்தில்தான் பெட்டிக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அவர் கைகளைத் துடைத்தார். குனிந்தார். வாசற்படியை விரல் நுனியால் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். நிமிர்ந்து உள்ளே போனார். பச்சை விளக்கு எரிந்தது.

தகடு அவருடைய வலது இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. சந்தனம் பூசி மூன்று குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். மேலே ஆணியில் ஒரு காய்ந்த மாலை தொங்கியது. அவர் கை அதன் அருகே போகவே இல்லை.

பாண்டிச்செல்வி கிளிப்பை ஒன்பது முறை ஓட்டினாள்.

பழைய கிளிப்களைப் பார்க்க அவளுக்கு இன்னும் அனுமதி இருந்தது. பார்த்தாள். பின்னாலிருந்து எடுத்தவை. முதுகு குனிகிறது, தோள் இறங்குகிறது, கை முகத்துக்குப் போகிறது. தகடு உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. தொட்டார் என்று போட்டிருந்தாள். அடுத்ததும் தொட்டார். இருநூறு கிளிப் பார்த்தாள். மூன்று கம்பெனிகள், ஒரே முதலாளி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். கேமரா வைத்தது தீபாவளி லீவு முடிந்து பூஜை போட்டு வேலை தொடங்கிய பிறகு. எல்லா முதுகும் குனிந்தது. ஒருவர்கூட நின்றபடி கையை நீட்டவில்லை.

அவள் அம்மா நாரணாபுரத்தில் பதினெட்டு வருடம் சரவெடிக்குத் திரி வைத்தாள். தினமும் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அறைக்குள் போவாள். அண்ணன் அம்மாவைத் திருப்பூருக்குத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறவரை அதைச் செய்தாள். இந்த ஹாலில் உட்கார்ந்திருந்த ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். குனிந்து கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனால் எதையோ தொட்டிருக்கிறார் என்று அர்த்தம். எதை என்று யாரும் யோசிக்கவில்லை. நாற்பத்திரண்டு பேரும் ஒரே பதிலைப் போட்டதற்குப் பெங்களூரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கேக் வெட்டினார்கள்.

ஏழாவது கிளிப்புக்குத் தொடவில்லை என்று போட்டாள்.

ஏஜென்ட் எழுதியது: தங்கள் பதில் மற்ற மதிப்பீட்டாளர்களின் பதிலுடன் பொருந்தவில்லை. தயவுசெய்து மீண்டும் பார்க்கவும்.

மீண்டும் தொடவில்லை என்று போட்டாள். அவளுடைய மதிப்பெண் 99.6-லிருந்து 99.3 ஆனது.

விவரமாக ஒரு புகார் எழுதினாள். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான்கு நொடியில் பதில் வந்தது. தங்கள் அக்கறைக்கு நன்றி. இந்த வகைக் கிளிப்களில் நாற்பத்திரண்டு மதிப்பீட்டாளர்களும் ஒரே தீர்ப்பை வழங்கியுள்ளனர். எனவே மாற்றம் தேவையில்லை.

நாற்பத்திரண்டில் அவளும் ஒருத்தி.

ஒரு மனிதரிடம் பேச வேண்டும் என்று எழுதினாள்.

நிச்சயமாக, என்றது ஏஜென்ட். இந்தத் திட்டத்தின் மனித மேற்பார்வையாளர்: ஆர்-17. அவரைத் தொடர்புகொள்ளவும்.

ஆர்-17 அவள்தான்.

மகேஷ்குமாரின் எண் உபயோகத்தில் இல்லை. பாண்டிச்செல்வி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். பங்குனி வெயில் ஒன்பது மணிக்கே ஏறியிருந்தது. காற்று காய்ந்திருந்தது. கம்பியைத் தொட்டதும் விரல் நுனியில் ஒரு பொறி சுள்ளென்றது. மூன்று நாட்களாக எதைத் தொட்டாலும் இப்படித்தான்.

மத்தியானம் ஹாதியாவுக்குப் போன் செய்தாள். ஹாதியா அவர்களுக்கு டீம் லீடராக இருந்தவள். இப்போது கொழுந்தன் அலி அக்பரின் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் போன் எடுக்கிறாள். பின்னால் மூட்டை விழும் சத்தம் கேட்டது. தும்மிக்கொண்டே பேசினாள். பாண்டிச்செல்வி எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் அன்னைக்கே கேட்டேன் பாண்டி. இது கும்பிடுற மாதிரில்ல இருக்குன்னு. எல்லாரும் சிரிச்சீக. தொடாம எப்பிடிக்கா கும்பிடன்னு நம்மகூட இருந்த செல்வலட்சுமி கேட்டா. நீங்கள்லாம் பட்டாசு வீட்டுப் பிள்ளைக. ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்னு நானும் தொட்டாருன்னே போட்டேன்."

ஹாதியா தன் பழைய கணக்கில் உள்ளே போய்ப் பதிலை மாற்ற முடியுமா என்று பாண்டிச்செல்வி கேட்டாள். ஹாதியாவின் கணக்கை மூடிவிட்டார்கள். எல்லோருடையதையும் மூடிவிட்டார்கள். இதை மேலே மேலே கிளறினால் இருக்கிற வேலையும் போய்விடுமே என்றாள் ஹாதியா. போகலாம் என்றாள் இவள்.

"போனா இங்கன வந்துரு. எங்க கொழுந்தனுக்குத் தும்முறதுக்கு ஆளு பத்தலையாம்."

புதன்கிழமை தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள். பொறுமையாகக் கேட்டார்கள். எந்தக் கம்பெனி என்றார்கள். அவளுக்குத் தெரியாது. கம்பெனிப் பெயரை அவர்களுக்குச் சொல்வதில்லை. பெயர் தெரிந்ததும் கூப்பிடச் சொன்னார்கள்.

அன்று நான்கு கிளிப்கள் வந்தன. எதிலும் அவர் இல்லை. கோணம் பழகியதும் பெட்டிக்கு அவர் மேல் சந்தேகம் இல்லை. காலை ஆறரைக்கு மருந்து கலக்கப் போவார்கள். வெயில் உச்சிக்கு வருமுன் முடித்துவிடுவார்கள். இன்றைக்கும் குனிந்திருப்பார். பச்சை எரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமைக் கிளிப்பை மறுபடி திறந்தாள். இந்த முறை ஆளை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் தூரத்தில் ஒரு மேல்நிலைத் தொட்டி. படத்தைப் பெரிதாக்கினாள். எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்தன. தா, அப்புறம் யி. கடைசியில் ட்டி. தொட்டியின் ஏணி இடது கைப் பக்கம் இருந்தது. தொட்டிக்கும் வேலிக்கும் நடுவே இரண்டு மின் கம்பங்கள் கிட்டத்தட்ட ஒன்றன் பின் ஒன்றாக நின்றன.

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. லீவு கேட்க ஆள் இல்லை. போனில் ஏதாவது செய்தி வருமா என்று ஏழு மணிவரை பார்த்தாள். வரவில்லை. அவள் வராததை யாரும் கேட்கவில்லை.

சிவகாசியில் பஸ் மாறினாள். தாயில்பட்டியில் இறங்கியபோது எட்டே கால். தொட்டி கடைத்தெருவிலிருந்தே தெரிந்தது. ஏணி வலது பக்கம் இருந்தது. தொட்டியைப் பார்த்துக்கொண்டே மண் பாதையில் நடந்தாள். சுற்றிலும் முள்வேலி போட்ட கம்பெனிகள். ஒவ்வொரு வேலிக்குள்ளும் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகள். ஏணி மெல்ல நகர்ந்து தொட்டிக்குப் பின்னால் மறைந்தது. இன்னும் நடந்தாள். இடது பக்கம் வந்தது. ஒரு வாய்க்காலைத் தாண்டியதும் மின் கம்பம் இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. எதிரே ஒரு கேட் இருந்தது.

வாட்ச்மேன் காக்கிச் சட்டைக்குக் கீழே வேட்டி கட்டியிருந்தார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பெயர் தெரியாது என்றாள். மருந்து கலக்குகிறவர், வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"தோளு எறங்குனவரத் தேடி எங்கன இருந்து வாரீக?"

"விருதுநகர்லருந்து."

"அங்கன எல்லாருக்கும் தோளு நேராவா இருக்கு?"

உள்ளே விட முடியாது, ஆபீஸ் சிவகாசியில், அங்கே போய்க் கேட்கணும் என்றார். போர்மேனிடமாவது ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டாள். போர்மேன் தனுஷ்கோடி லோடு ஏற்றும் இடத்தில் இருப்பதாகச் சொன்னார். முன்பு அவர் மருந்து அறை வாசலிலேயே நிற்பாராம். கேமரா வந்ததும் அவரை லோடு பக்கம் அனுப்பிவிட்டார்களாம். வேண்டுமானால் வெளியே நில்லுங்கள், மருந்துக்காரர்கள் பதினொரு மணிக்கு வந்துவிடுவார்கள் என்றார். உட்கார ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார்.

கேட் போர்டில் இருந்த கம்பெனிப் பெயரைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனில் சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரத்துக்குள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வாரத்துக்கு முன்னால் நாளைக் காலை ஆறரை மணி இருந்தது.

பதினொன்றே காலுக்கு ஐந்து ஆண்கள் வந்தார்கள். குளித்திருந்தார்கள். ஆனாலும் காது மடலிலும் நகக்கண்ணிலும் வெள்ளிப் பொடி மிச்சம் இருந்தது. மூன்றாவதாக வந்தவரை அவளுக்குத் தெரிந்தது. தோளைப் பார்த்துவிட்டுப் பிறகு முகத்தைப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். மீசை நரைத்திருந்தது. கீழ் உதட்டில் பழைய தையல் தழும்பு. இந்த நான்கு மாதத்தில் அவருக்கு ஒரு முகம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அண்ணே என்று கூப்பிட்டாள். ஐந்து பேரும் திரும்பினார்கள். அவரைக் காட்டினாள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே வேனைப் பார்த்து நடந்தார்கள். கண்ணுச்சாமிக்கு விருந்தாளி வந்திருக்கு என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். அப்படித்தான் அவர் பெயர் தெரிந்தது.

"என்ன தாயி, ஓட்டுக்கா?"

இல்லை என்றாள். வரும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தாள். அது இப்போது நினைவில் இல்லை. நேராகச் சொன்னாள்.

"காலைல உள்ள போகையில வாசப்படியத் தொட்டுக் கும்பிடுதீக. பக்கத்துல செம்புத் தகடு இருக்கு. அதத் தொட மாட்டேங்கீக."

"யாரு சொன்னா?"

"நான் பார்த்தேன்."

"எங்கன நின்னு?"

"விருதுநகர்ல. கம்ப்யூட்டர்ல. டிசம்பர்ல இருந்து பாக்கேன்."

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். கையிலிருந்த துண்டை எடுத்து மார்பின் மேல் போட்டுக்கொண்டார். வேன் நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு பேசினார். தகட்டை முன்னால் தொட்டுக்கொண்டுதான் இருந்தார்களாம். மறந்துவிட்டால் தனுஷ்கோடி மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அதில் வைத்து அழுத்துவாராம். ஏசுவாராம். தீபாவளி முடிந்து கம்பெனி திறந்தபோது பூஜை போட்டார்கள். உயிரைக் காக்கிற தகடு என்று அதற்கும் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டார்கள். கேமராவும் அந்த வாரம்தான் வந்தது.

"பொட்டு வச்ச எடத்துல மருந்துக் கைய எப்பிடி வைக்க? ஒரு நாளைக்கு இருவது தரம் உள்ள போறோம் வாரோம். அதான் படியத் தொட்டுக் கும்பிட்டுக்கிடுறது. வெளக்கு வந்த மொத நாளு பயந்துக்கிட்டேதான் கும்பிட்டேன். பச்ச எரிஞ்சுச்சு. கும்பிடாமப் போனா செவப்பு எரியுது. சரி, மிசினே ஒத்துக்கிடுதுன்னு விட்டுட்டோம்."

"மிசினுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. நாங்க சொன்னதத்தான் அது சொல்லுது. பச்சன்னு சொன்னது நான்."

அவர் அவளைப் பார்த்தார்.

"நீங்க மட்டுமா?"

"நாப்பத்திரண்டு பேரு."

"நாப்பத்திரண்டு பேருமா தப்பாச் சொன்னீக? ஒருத்தருகூடவா கேக்கல?"

பாண்டிச்செல்வி ஹாதியாவை நினைத்தாள். ஒருத்தர் கேட்டாங்க, நாங்கதான் சிரிச்சோம் என்றாள்.

வேன்காரர் ஹாரன் அடித்தார். கண்ணுச்சாமி கையைத் தூக்கிக் காட்டினார். கும்பிடுவதை விட வேண்டாம், கையைத் துடைத்துவிட்டுத் தகட்டிலும் வைத்துவிடுங்கள் என்றாள் அவள். சாமி ஒன்றும் நினைக்காது என்றாள். மற்றவர்களிடமும் சொல்லுங்கள் என்றாள். அவர் தலையை ஆட்டினார். பாக்கேன் என்றார். இந்தப் பக்கத்தில் பாக்கேன் என்றால் செய்கிறேன் என்றும் இருக்கும், விடுங்கள் என்றும் இருக்கும்.

போகிறவர் இரண்டு எட்டில் நின்றார்.

"நாளைக்கும் பாப்பீகளா?"

"தெரியல. மிசினுக்குச் சந்தேகம் வந்தாத்தான் எனக்கு அனுப்பும். நீங்க வழக்கம்போலக் குனிஞ்சா அதுக்குச் சந்தேகம் வராது. கைய நீட்டுனாத்தான் வரும்."

"அப்ப ஒளுங்கா இருந்தாத்தான் சந்தேகம்."

ஆமாம் என்றாள்.

"சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டேன் என்றாள். சாப்பிடவில்லை. அவர் வேனில் ஏறினார். உள்ளே யாரோ ஏதோ கேட்டார்கள். அவர் சொன்ன பதில் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தது கேட்டது. வேன் போன பிறகும் டப்பாவின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் வந்து, தோளு கெடச்சுதா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டாள். வணக்கம் என்றது ஏஜென்ட். நேற்று வராததைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இன்றைய பணி: 0.

ஆறரை ஆயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. ஆறே முக்கால். மருந்து அறைக்கு இப்போது போயிருப்பார்கள். திரையில் பூஜ்யம் மாறவில்லை. பூஜ்யம் என்றால் எல்லோரும் குனிந்திருக்கிறார்கள்.

ஏழுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ஒன்று ஆனது.

பக்கவாட்டுக் கேமரா. வழக்கத்தை விட நீளமான கிளிப், இருபத்தாறு நொடி. சாம்பல் வட்டம் வைத்த ஆள் வாசலில் வந்து நின்றார். வலது தோள் இறங்கியிருந்தது. கைகளைக் கால்சட்டையில் துடைத்தார். ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார். குனியவில்லை. காய்ந்த மாலையை ஒரு விரலால் ஒதுக்கினார். சந்தனத்தின் மேல் உள்ளங்கையை முழுதாக வைத்தார்.

சிவப்பு எரிந்தது.

கையை எடுத்தார். விளக்கைப் பார்த்தார். மறுபடி வைத்தார், இந்த முறை அழுத்தி. மறுபடி சிவப்பு. அவருக்குப் பின்னால் இன்னொரு ஆள் நின்றிருந்தார். அவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கண்ணுச்சாமியின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. பிறகு அவர் குனிந்தார். படியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பச்சை எரிந்தது. உள்ளே போனார்.

பின்னால் நின்றவர் முன்னே வந்தார். தகட்டைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். குனிந்து படியை மட்டும் தொட்டார். பச்சை. அவரும் உள்ளே போனார்.

கிளிப் முடிந்தது. உள்ளே போகுமுன் தொட்டாரா?

இரண்டு ஆட்களுக்கு ஒரே கேள்வி. பெட்டி சந்தேகப்பட்டது முதல் ஆளை. பாண்டிச்செல்வி தொட்டார் என்று அழுத்தினாள். இரண்டாவது ஆள் தொடவில்லை என்று கீழே எழுதினாள்.

தங்கள் பதில் பொருந்தவில்லை என்றது ஏஜென்ட். மீண்டும் பார்க்கவும்.

அதையே அழுத்தினாள். மதிப்பெண் 98.9 ஆனது. தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே இறங்கியதால் ஆர்-17 கணக்கு இன்று மாலை ஆறு மணிக்குப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும். அதுவரை பணியைத் தொடரலாம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

மாலை வரை கிளிப்கள் திறக்கும். அவள் இருபத்தாறு நொடியில் கடைசி ஏழு நொடியை மட்டும் மறுபடி ஓட்டினாள். இரண்டாவது ஆள் ஒல்லி. இடது கால் ஒவ்வொரு எட்டிலும் கொஞ்சம் வெளியே விழுந்தது. நிற்கும்போது கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டார். குனியும்போது ஒரு கை முழங்காலில் ஊன்றியது. மறுபடி ஓட்டினாள். பதினொரு மணிக்குக் கம்பெனி கேட்டில் ஐந்து பேர் சேர்ந்து வருவார்கள். குளித்துவிட்டு வேறு சட்டை போட்டிருப்பார்கள். நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மறுபடி ஓட்டினாள்.